குறித்த நாளில் திரும்பி வருகிறவர்கள்: திருகோணமலைக் கிராமங்களும் தொடர்ந்து செய்யும் தொண்டும்

திருகோணமலை மாவட்டத்துக் கிராமங்களுக்கு உதவி வராமல் இருந்ததில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்தது. 2006இல் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது வந்தது. யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் நடந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வெள்ளம் ஏறியபோதும் லொறி லொறியாக வந்தது. வராமல் போனது வேறொன்று. அடுத்த மாதமும் அதே ஆள் அதே கிராமத்துக்கு வருவதுதான் அது.

ஒரு கிராமத்தைத் தெரிந்துகொண்டு, நாள் குறித்து, வருடக்கணக்காகப் போய்வருகிற இரண்டு மூன்று பேரால் ஆகிற காரியம், ஒரே நாளில் ஐம்பது பேர் போய்ச் செய்துவிட்டு வருகிற காரியத்தைவிடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்கள் இந்த மாவட்டத்தின் நிலத்தில் இருக்கின்றன, பட்ட அனுபவத்தில் இருக்கின்றன, அலுவலக நடைமுறைகளிலும் இருக்கின்றன.

சட்டென்று புரிகிற ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2017இல் இலங்கை முழுவதும் டெங்கு பரவியது. அந்த ஒரே ஆண்டில் 186,000 பேருக்கு மேல் நோயாளர்களாகப் பதிவானார்கள். கிண்ணியா அந்த மார்ச் மாதத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டது; ஆஸ்பத்திரி தாங்கவில்லை. உடனே பல பக்கமிருந்தும் ஆட்கள் வந்து சிரமதானம் செய்தார்கள், வளவுகளைத் துப்புரவாக்கினார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் டெங்கு பரப்புகிற நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு கிழமை போதும். அதன் முட்டை தண்ணீர் வற்றிய பாத்திரத்தின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை துப்புரவாக்கிய வளவை அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க வேண்டும், அதற்கடுத்ததும் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் பொறுப்பில் பல கிராம சேவையாளர் பிரிவுகள் இருக்கும்; அவர் ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீட்டுக்கும் வர முடியாது. ஊரில் ஒரு பத்து வீட்டைத் தன் வீடாக நினைத்துச் சனிக்கிழமைதோறும் பூச்சாடித் தட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் கிணற்றடி வாளியையும் பார்த்துவிட்டு வருகிற ஒரு பிள்ளை, நூறு பேர் கூடிய சிரமதானம் செய்ய முடியாததைச் செய்கிறாள். கிராமத்து வேலைகளில் முக்கால்வாசி இப்படிப்பட்டவைதான். அவற்றுக்குத் தவணை உண்டு. தவணை தப்பினால் முதலில் செய்ததும் வீண்.

இனி நிலத்தைப் பார்ப்போம். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம சேவையாளர் பிரிவுகளும் இருக்கின்றன. பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். வடக்கே புல்மோட்டையைத் தாண்டித் தென்னமரவாடி, தெற்கே வெருகல், நடுவே கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை அந்தக் குடாவில்தான் கடலோடு கலக்கிறது. ஆறும் கடல்நீரேரியும் குறுக்கே கிடப்பதால் பட்டினத்திலிருந்து கரையோரமாக மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் அப்பால் போவதென்றால் முன்பு பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியின் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. அதற்கு முன்பு வெருகலுக்குப் போய் ஒரு வேலையை முடித்துக்கொண்டு அன்றே பட்டினம் திரும்புவது கஷ்டம். பாலம் வந்தபின் தூரம் குறைந்தது உண்மை. ஆனாலும் உள்ளூர்ப் போக்குவரத்து இன்னும் எல்லா இடத்திலும் சரியாகிவிடவில்லை. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். கிராமத்துக்கு வாருங்கள் என்று பட்டினத்துப் பிள்ளைகளை அழைக்கும்போது இதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் எந்த வீதி மூழ்கும், யார் வீட்டில் இரவு தங்கலாம் என்பவை தெரியாமல் எந்தத் தொண்டும் மூன்று மாதத்துக்கு மேல் நிலைக்காது.

இந்த ஊர்கள் பட்டபாடும் சாதாரணமல்ல. தென்னமரவாடி மக்கள் 1984இல் ஊரைவிட்டு ஓடி, யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 2006இல் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டதிலிருந்து வெடித்த சண்டையில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைத் தமிழ் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புவரை ஓடினார்கள். சம்பூர்க்காரர் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டு 2015, 2016இல்தான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள். அதே 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றில் வேலை செய்த 17 உள்ளூர்ப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். கிராமத்துக்குத் தண்ணீர் கொடுக்கப் போன பிள்ளைகள் அவர்கள். தன் மகன் தொண்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும்போது திருகோணமலைத் தாய் ஒருத்தி வாசலில் நின்று யோசிப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பயத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

ஒவ்வொரு இடருக்குப் பிறகும் உதவி வந்ததும் ஒரே மாதிரிதான். முதலில் பெயர் பதிவார்கள். குடும்ப அட்டை இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகள் எத்தனை, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா. இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய அம்மாமார், புதிதாக ஒருவர் கொப்பியோடு வந்தால் கேட்கும் முன்பே வரிசையாக ஒப்புவிப்பார்கள். வருகிறவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதுதான் அன்றைக்கு ஊரின் தேவையாக இருக்கும். கோழிக்குஞ்சு கொடுக்கிற நிறுவனம் வந்தால் கோழி வளர்க்க விருப்பம் என்பார்கள், தையல் மெசின் கொடுப்பவர் வந்தால் தையல் என்பார்கள். இதைப் பேராசை என்று நினைப்பது பெரிய தவறு. ஒருமுறை வந்து மறுமுறை வராதவரிடம் உண்மையான கஷ்டத்தைச் சொல்லி என்ன பயன்? கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்வதே புத்தி.

வெறுங்கையோடு நாலாம் தடவையும் வந்து அதே மரத்தடியில் உட்கார்கிறவரிடம்தான் பேச்சு மாறும். "தம்பி, இவள் அஞ்சாம் வகுப்பு, இன்னும் எழுத்துக் கூட்டமாட்டாள்" என்பார் ஒருவர். "அவர் செத்து ஏழு வருசம், காணி பெர்மிட் இன்னும் அவர்ட பேரிலதான் கிடக்கு" என்பார் இன்னொருவர். நுண்கடன் கொடுத்தவர்கள் எந்தக் கிழமை வீட்டு வாசலுக்கு வருகிறார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வரும். தொடர்ந்து போவதன் முதல் பலன் இதுதான்: ஊருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது தெரியவரும். எத்தனை படிவம் நிரப்பினாலும் இது கிடைக்காது.

அந்தப் பிள்ளையின் வாசிப்பைக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம். தூரத்துப் பாடசாலைகளுக்கு நியமனம் பெறுகிற ஆசிரியர்களில் பலர் பட்டினத்திலிருந்தோ வேறு மாவட்டத்திலிருந்தோ தினமும் பயணம் செய்து வருகிறவர்கள். முதல் வாய்ப்பில் இடமாற்றம் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பயணமே உடம்பை உறிஞ்சிவிடும். பாடசாலையின் பெயர் தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றில் தங்கியிருப்பதால், சித்தியடையக்கூடிய ஐந்தாறு பிள்ளைகள் மேல்தான் எல்லார் கவனமும் போகும். தரம் 3இல் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற பிள்ளை பின்வாங்கில் அமர்ந்து, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும். எழுதியதை அதனால் வாசிக்க முடியாது. கொப்பியைப் பார்க்கிற பெற்றோருக்கும் அது தெரியாது. தரம் 6க்குப் போனபின் எல்லாப் பாடமும் வாசிப்பில் வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளை மெதுவாகப் பாடசாலைக்கு வராமல் விடும். பையனென்றால் கடலுக்கோ கூலி வேலைக்கோ போவான்.

இந்த ஓட்டையை அடைக்கப் பெரிய செலவு தேவையில்லை. கிழமையில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம், ஒருவருக்கு நாலைந்து பிள்ளைகளுக்கு மேல் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வைப்பதுதான் வழி. நடுவே மூன்று கிழமை விட்டுவிட்டால் உயிர்மெய் எழுத்தில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மறுபடி குழம்பும். ஆகவே கிழமை தவறுவதில்லை என்பதே பாடத்தின் பாதி. கருத்தரங்கு வைத்து நூறு பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் கொடுப்பது ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உதவும். தெரியாத பிள்ளை அங்கேயும் பின்வரிசையில்தான் இருக்கும். எனக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் மரத்தடி வாசிப்பைத்தான் தெரிவேன். இதற்கு ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். முதல் நாளே பிள்ளைகள் "சேர்", "மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அதற்குரிய பொறுப்போடு திரும்பி வருவது நம் கையில் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு எல்லையும் போட வேண்டும். யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பாடசாலைகளைத் தொண்டர் ஆசிரியர்கள்தான் மூடவிடாமல் காத்தார்கள். ஆசிரியர் வராத ஊரில், சம்பளம் இல்லாமலோ பெயருக்கு ஒரு தொகை பெற்றோ வருடக்கணக்கில் கற்பித்தார்கள். பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்று போராட வேண்டியதாயிற்று. இந்த மண்ணில் தொண்டுக்கு நடந்த அநியாயங்களில் இதைப் பெரிதாக நினைக்கிறேன். அரசு நிரப்ப வேண்டிய வெற்றிடத்தைத் தொண்டர் நிரப்பினால், வெற்றிடம் இருப்பதாகவே யாருக்கும் தோன்றாமல் போய்விடும். சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு நடத்துகிறவர்கள், அந்தப் பாடசாலைக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியர் இல்லை என்பதை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் பெற்றோரைக் கொண்டு எழுத வைப்பதையும் தங்கள் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பெர்மிட் விசயம் இன்னும் நீளமானது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரத்தோடுதான் குடியேற்றக் கிராமங்களில் ஏராளமானோர் வாழ்கிறார்கள். பெயருக்குரியவர் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பதியாமல் இறந்துவிட்டால் மனைவியும் பிள்ளைகளும் அலைய வேண்டும். இடம்பெயர்வில் பத்திரமே தொலைந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. இதற்குக் கிராம சேவையாளரின் கடிதம், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு, பழைய கோவை (பைல்), சில வேளை கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு கூலி. வெருகலிலோ தோப்பூரிலோ நாட்கூலி செய்கிற பெண் இரண்டாம் படியில் விட்டுவிடுவாள். அடுத்த வருடம் அலுவலர்கள் ஊருக்கே வருகிற நடமாடும் சேவை வரும்போது மறுபடி முதலாம் படியிலிருந்து தொடங்குவாள். பிறப்புச் சான்றிதழும் இப்படித்தான். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ், அதற்கும் தனியாகக் கடிதங்கள்.

மாதம் ஒருமுறை வருகிற தொண்டர் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. யாருடைய கோவை எந்த மேசையில் நிற்கிறது, அடுத்து என்ன கேட்டார்கள், எந்தத் திகதிக்கு வரச் சொன்னார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, "அக்கா, வாற கிழமை நீங்க காணிக் கந்தோருக்குப் போகவேணும், இந்தக் கடிதத்தைக் கொண்டு போங்க" என்று நினைவூட்டினால் போதும். போகிறபோது கூடப் போனால் இன்னும் நல்லது. கூடப் போகிறவர் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் நின்றாலே அந்த அக்காவின் குரல் கொஞ்சம் உயரும்.

அப்புறம், ஊருக்குள் ஏற்கெனவே இருக்கிற அமைப்புகள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், மரண உதவிச் சங்கம் என்று ஒரு சின்னக் கிராமத்திலேயே ஐந்தாறு இருக்கும். புதிதாக வருகிற தொண்டர் குழு முதலில் செய்ய ஆசைப்படுவது இன்னொரு குழுவை உருவாக்குவது. நிறுவனங்களும் காலாகாலமாக இதையே செய்தன. திட்டம் முடிய அந்தக் குழுவும் முடிந்தது. இருப்பதை உயிர்ப்பிப்பதே நல்லது. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதிவு உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. சின்ன வீதி, மதகு, பொதுக் கட்டட வேலைகளை அரசிடமிருந்து ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிற உரிமையும் உண்டு. அது முடங்குவது பெரும்பாலும் காசுக் கொப்பி எழுத ஆளில்லாமல், கூட்ட அறிக்கை வைக்காமல், வருடாந்தப் பொதுக்கூட்டம் கூடாமல்தான். கணக்குத் தெரிந்த ஒருவர் மாதக் கூட்டத்துக்கு வந்து, செயலாளரான தங்கைக்கும் பொருளாளரான அண்ணனுக்கும் அறிக்கையும் கொப்பியும் எழுதப் பழக்கினால் சில மாதத்தில் அந்தச் சங்கம் எழுந்து நிற்கும். வெளியே தெரியாத வேலை. ஆனால் ஊரின் மதகை வெளியூர் ஒப்பந்தகாரர் கட்டுவதா, ஊரவர் கட்டிக் கூலியும் இலாபமும் ஊருக்குள் நிற்பதா என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

காலம் தெரிவதும் முக்கியம். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. நம் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் பிடித்து ஜனவரிவரை நிற்கும். வருடக் கடைசியில் பணம் வந்து அவசரமாகக் கொங்கிறீட் போட்டால் அது மழையில்தான் நடக்கும். சங்கம் தன் கோரிக்கையை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தால் மழைக்கு முந்திய வெயில் காலத்தில் வேலை முடிய வாய்ப்புண்டு. இதை ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போனால் மறந்துபோகும். பெப்ரவரியில் வந்து "எழுதியாச்சா அண்ணன்?" என்று கேட்க ஆள் வேண்டும்.

வயல் ஊருக்கும் கடல் ஊருக்கும் நாட்கணக்கு வேறு. பெரும்போக விதைப்புக்கும் தை, மாசி அறுவடைக்கும் வயல் ஊரில் கூட்டம் வைத்தால் முதியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். கரையோர ஊர்களில் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் ஆண்களைப் பகலில் பிடிப்பது கஷ்டம். வடகீழ்ப் பருவத்தில் கடல் கொதிக்கும்போது எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், கையில் காசுதான் இருக்காது. முஸ்லிம் ஊரில் வெள்ளிக்கிழமை நண்பகலையும் நோன்பு மாத மாலைகளையும் விட்டுவிட வேண்டும். தமிழ் ஊரில் ஞாயிறு காலை அறநெறி வகுப்பு. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழா நடக்கும் நாட்களில் சுற்றுப்பட்டு முழுவதும் அங்கேதான் இருக்கும். ஊரின் நாட்காட்டியைப் பார்த்து நம் நாளைக் குறிக்க வேண்டும். பட்டினத்து அலுவலகக்காரருக்கு வசதியான நாள் பல ஊர்களுக்கு வசதியில்லாத நாள்.

குள வேலைக்கும் ஒரு முறை உண்டு. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்ச்சுகிற சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. வாய்க்கால் துப்புரவு, குளக்கட்டில் முளைத்த மரங்களை அகற்றுவது, துருசுப் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் தண்ணீர் பங்கிடுகிற வட்ட விதானையும் விதைப்புக்கு முன் கூடும் போக ஆரம்பக் கூட்டமும் சொல்கிற ஒழுங்கில் நடப்பவை. வெளியிலிருந்து மண்வெட்டியோடு போகிறவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு, சொன்ன இடத்தில் வெட்ட வேண்டும். குளக்கட்டில் தப்பான இடத்தில் மண் எடுத்தால் என்ன ஆகும் என்பது கந்தளாயைக் கண்ட மாவட்டத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கூடி உழைப்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. நாடளவில் பார்த்தால், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன 1958இல் தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்குக் கூட்டிப்போய்த் தங்கவைத்து வேலை செய்ததிலிருந்துதான் சர்வோதயம் என்ற தொண்டு இயக்கம் வளர்ந்தது. தமிழ்ப் பக்கத்தில் 1970களின் பிற்பகுதியில் காந்தியம் எழுந்தது. டாக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வவுனியாவைத் தளமாகக்கொண்டு தொடங்கிய அந்த அமைப்பு, 1977 கலவரத்தில் விரட்டப்பட்ட மலையக மக்களை வடக்குக் கிழக்கில் குடியமர்த்தியது. தொண்டர்கள் கிராமத்திலேயே தங்கி முன்பள்ளி நடத்தினார்கள், பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அரசியலை ஒருபக்கம் வைத்துப் பார்த்தாலும் ஒன்று தெளிவு. அந்தப் பிள்ளைகள் ஊரில் தங்கினார்கள். பாலும் பாடமும் அதனால்தான் நாள் தவறாமல் கிடைத்தன.

மூவின மக்களும் அருகருகே வாழ்கிற மாவட்டம் இது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம் ஊருக்கும் போவதே வழமையாக இருக்கிறது; பழகிய வழி, குற்றமில்லை. ஆனாலும் மாவிலாறு உடைத்தால் சேருவிலையும் மூதூரும் வெருகலும் ஒன்றாகத்தான் மூழ்கும். யானை வேலியைத் தாண்டும்போது யார் தோட்டம் என்று பார்ப்பதில்லை. கலந்த குழுவாகப் போகிறவர்களைக் கண்டால் ஊர் முதலில் கொஞ்சம் தயங்கும். மூன்றாம் நாலாம் முறையில் அந்தத் தயக்கம் தானாகக் கரைவதைக் கண்டிருக்கிறேன். ஒருமுறை மட்டும் போயிருந்தால் தயக்கத்தை மட்டும்தான் கண்டிருப்போம்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சொந்த ஊருக்கு அனுப்புகிற பணத்தால் எத்தனையோ நல்ல காரியம் நடந்திருக்கிறது. ஆனால் அனுப்பியவருக்குக் காட்டுவதற்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொப்பியைப் பிடிக்கவைத்துப் படமெடுப்பதை நிறுத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஒரு முகம் இருக்கிறது, நாளை அவள் வளர்ந்து அதே ஊரில் ரீச்சராக வரக்கூடும். பணம் அனுப்புகிறவர் ஒரே தடவையில் பெரிய தொகை தருவதைவிட, சனிக்கிழமை வகுப்புக்குப் போகிற இரண்டு பிள்ளைகளின் பஸ் காசையும் சாப்பாட்டையும் இரண்டு வருடத்துக்கு ஏற்றுக்கொண்டால் அது அதிகம் நிலைக்கும். 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் போனபோதும் பஸ் கட்டணம் ஏறியபோதும் மனமிருந்தும் எத்தனையோ தொண்டர்கள் நின்றுபோனார்கள். அமைப்பாகப் பதிவதென்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் இருக்கிறது. நாலு நண்பர்களாகத் தொடங்கினாலும் கிராம சேவையாளரிடமும் பாடசாலை அதிபரிடமும் சங்கத் தலைவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத் தொடங்குவதே மரியாதை, பாதுகாப்பும் அதுதான்.

கடைசியாக மிகக் கடினமான பகுதி: போய்வந்தவர்கள் நின்றுவிடுவது. வளாகப் பிள்ளை பட்டம் பெற்று ஊர் திரும்புவாள். மற்றவருக்கு வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், வெளிநாடு போவார். இது நடந்தே தீரும் என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் வழி இருக்கிறது. இருவர் இருவராகப் போவது, ஒருவர் விலகும் முன் புதியவர் ஒரு போகம் முழுவதும் கூடவே வருவது, யாருடைய கோவை எந்தப் படியில் என்ற கொப்பியைத் தொண்டரின் பையில் வைத்துக்கொள்ளாமல் சங்கச் செயலாளர் வீட்டு அலுமாரியில் வைப்பது. எல்லாவற்றையும்விட நல்லது, ஊருக்குள்ளேயே ஆள் பார்ப்பது. உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்கிறார்கள். அனுமதி கிடைக்காதவர்கள் இன்னும் நீண்ட காலம் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார்கள். வாசிப்பு வகுப்பை அப்படியான ஒரு அக்காவோ அண்ணாவோ எடுத்தால் பஸ் தேவையில்லை, வெள்ளம் வந்தாலும் நிற்காது. வெளியிலிருந்து போகிற நாம் மாதத்தில் ஒருமுறை போய் அவளோடு உட்கார்ந்து, எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, வாசிப்புப் புத்தகங்களை மாற்றிக் கொடுத்து, அவள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்குச் சங்கத்திடமும் பாடசாலையிடமும் அவள் சேவைக்கு எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும்.